ஸ்டாக்ஹோம் அரண்மனை: கதவுகளை வைத்து ஒரு கட்டடத்தைப் படிப்பது

ஸ்டாக்ஹோம் அரண்மனையைப் பற்றிய பேச்சில் மூன்று வாக்கியங்கள் ஓயாமல் வரும். ஸ்வீடன் அரசர் 600 அறை உள்ள வீட்டில் வசிக்கிறார் என்பது ஒன்று. வெளியிலிருந்து பார்த்தால் பழைய அரசு அலுவலகம்போல, பெட்டி வடிவில், அழகில்லாமல் இருக்கிறது என்பது இன்னொன்று. அது பரோக் பாணிக் கட்டடம் என்பது மூன்றாவது. முதல் வாக்கியம் தவறு. இரண்டாவதைச் சொல்பவர்கள் தவறான இடத்தில் அழகைத் தேடுகிறார்கள். மூன்றாவது பாதிதான் உண்மை.

அரண்மனையை மிகப் பெரிய வீடு என்று நினைத்துக்கொண்டு பார்ப்பதால் வரும் குழப்பம் இது. ஓர் அரசருக்கு யார், எவ்வளவு தூரம் நெருங்கலாம் என்பதை ஒழுங்குபடுத்தக் கட்டிய கருவி அது. அப்படிப் பார்த்தால் சுவர்களைவிடக் கதவுகள் முக்கியமாகிவிடும்.

வசிப்பது ஓரிடம், அலுவல் ஓரிடம்

அரசர் 16ஆம் கார்ல் குஸ்தாஃபும் அரசி சில்வியாவும் 1981இல் ட்ரொட்னிங்ஹோம் அரண்மனைக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். நகரத்துக்கு மேற்கே சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி, மேலாரன் ஏரியில் உள்ள லோவன் தீவில் இருக்கிறது அது. ஸ்டாக்ஹோமின் பழைய நகரமான காம்லா ஸ்தானில் இருக்கும் அரண்மனை இப்போதும் அரசரின் அதிகாரபூர்வ இருப்பிடம். அவருடைய அலுவலகம் அங்கே இயங்குகிறது. அரசு விருந்துகளும் வெளிநாட்டுத் தூதர்களை வரவேற்கும் நிகழ்வுகளும் அங்கே நடக்கின்றன.

கட்டடம் அரசரின் சொத்தும் அல்ல. ஸ்வீடன் அரசுக்குச் சொந்தம். பராமரிப்பது அரசின் சொத்துத் துறை. பயன்படுத்தும் உரிமை மட்டும் அரசரிடம் இருக்கிறது.

அறை எண்ணிக்கையில் ஒரு குழப்பம் உண்டு. சில இடங்களில் 600 சொச்சம் என்றும், சில இடங்களில் 1,430 என்றும் படிக்கலாம். இரண்டும் சரிதான். மொத்தம் 1,430 அறைகள். அவற்றில் சன்னல் உள்ளவை 660. பாதிக்கு மேற்பட்ட அறைகளுக்கு ஏன் சன்னலே இல்லை என்ற கேள்வியை இங்கே வைத்துக்கொள்வோம். பதில் பின்னால் வருகிறது.

ரயிலும் தங்கும் விடுதியும்

இன்றைய தங்கும் விடுதியில் நீளமான ஒரு நடைவழி இருக்கும். அதன் இரு பக்கமும் அறைகள். 305ஆம் அறைக்குப் போக 304க்குள் நுழைய வேண்டியதில்லை. ஒவ்வோர் அறையும் தனித்தனி.

ரயிலில் அப்படி இல்லை. உள்ளே நடந்தே எட்டாவது பெட்டிக்குப் போக வேண்டுமானால், நடுவில் இருக்கும் எல்லாப் பெட்டிகளையும் கடந்தாக வேண்டும். பரிசோதகர் ஏதாவது ஒரு பெட்டியின் வாசலில் நின்றால் போதும், அதற்கு அப்பால் யார் போகலாம் என்பது அவர் கையில்.

17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அரண்மனை ரயிலைப்போன்றது. முக்கிய அறைகளுக்கு நடைவழி கிடையாது. ஓர் அறையின் கதவு நேராக அடுத்த அறையில் திறக்கும். எல்லாக் கதவுகளும் ஒரே நேர்கோட்டில் இருப்பதால், அத்தனையையும் திறந்து வைத்தால் முதல் அறையில் நிற்பவரின் பார்வை கடைசி அறைவரை போகும். இந்த அமைப்புக்கு அன்ஃபிலாட் என்று பெயர். நூலில் கோப்பது என்ற பொருளுள்ள பிரெஞ்சு வினையிலிருந்து வந்த சொல். தமிழில் கதவுக்கோடு என்று சொல்லலாம். இனி அப்படியே சொல்கிறேன்.

இந்தக் கோடு பெரும்பாலும் அறையின் நடுவில் போகாது. சன்னல் பக்கச் சுவரை ஒட்டிப் போகும். நடப்பவருக்கு வெளிச்சம் கிடைக்கும் என்பதற்காக மட்டும் அல்ல. கதவு நடுவில் இருந்தால் அறை இரண்டாகப் பிளந்துவிடும். ஓரத்தில் இருந்தால் கணப்பு, கட்டில், அரியணை எல்லாவற்றுக்கும் மறுபக்கச் சுவர் முழுதாகக் கிடைக்கும்.

சுருக்கமாக: விடுதியின் நடைவழி ஆட்களைப் பிரித்து அனுப்புகிறது. கதவுக்கோடு எல்லாரையும் ஒரே வரிசையில் நடத்தி, ஒவ்வொரு வாசலிலும் சிலரை நிறுத்துகிறது.

உள்ளே போகப் போகக் கூட்டம் குறையும்

வரிசையில் முதலில் வருவது காவலர் கூடம். ஓரளவு மரியாதையான உடையில் வந்த பலரும் இதுவரை வரலாம். அடுத்தது காத்திருப்பு அறை; காரணம் இருப்பவர்களுக்கு. அதற்கடுத்து அரியணை உள்ள பேட்டி அறை. அதன்பின் படுக்கையறை. கடைசியாக, அரசரும் மிக நெருங்கிய சிலரும் மட்டும் நுழையும் சின்ன தனியறை. நாட்டுக்கு நாடு அறைகளின் பெயரும் எண்ணிக்கையும் மாறும், விதி ஒன்றுதான். உள்ளே போகப் போக அறை அரிதாகும், ஆள் குறைவார்.

இங்கேதான் புதிதாகப் பார்ப்பவர்கள் தடுமாறுவார்கள். படுக்கையறை எப்படி விருந்தினர் வந்துபோகும் இடமாகும்? ஸ்டாக்ஹோம் அரண்மனையில் 18ஆம் நூற்றாண்டு அரசர் மூன்றாம் குஸ்தாஃபின் படுக்கையறை போன்றவை அரசுப் படுக்கையறைகள். அரசர் காலையில் எழுவதும் உடுத்துவதும் அங்கே ஒரு சடங்காக நடக்கும். அந்த நேரத்தில் உள்ளே வர அனுமதி கிடைப்பது பெரிய கௌரவம். நிம்மதியாக உறங்க உள்ளே வேறு சிறிய அறைகள் உண்டு. 1792 மார்ச் 16 அன்று முகமூடி நடன விருந்தில் சுடப்பட்ட மூன்றாம் குஸ்தாஃப், இரண்டு வாரம் கழித்து இந்த அரசுப் படுக்கையறையில்தான் இறந்தார்.

அரண்மனையின் வடக்கு வரிசையில், இரண்டாம் மாடியில் இந்த அமைப்பை முழுமையாகப் பார்க்கலாம். மேற்கு முனையிலிருந்து அரசரின் அறைகள் வருகின்றன. கிழக்கு முனையிலிருந்து அரசியின் அறைகள். இரண்டு ரயில்கள் எதிரெதிரே வந்து நிற்பதுபோல. நடுவில் இரண்டையும் இணைப்பது அரசர் 11ஆம் கார்லின் பெயரால் வழங்கும் நீண்ட கூடம். பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் உள்ள கண்ணாடிக் கூடத்தை மனத்தில் வைத்துச் செய்த இதில்தான் இன்றும் அரசு விருந்து மேசை போடுகிறார்கள். கிழக்கு முனையில் உள்ள 'வெள்ளைக் கடல்' என்ற நடனக்கூடம் பிற்காலத்தது; 19ஆம் நூற்றாண்டில் நடுச்சுவரை எடுத்து இரண்டு அறைகளை ஒன்றாக்கினார்கள். நடனத்துக்கு இடம் கிடைத்தது; ஆனால் வரிசையில் ஒரு வாசல் குறைந்தது.

சன்னல் இல்லாத அறைகள் எதற்கு

எல்லாரும் ஒரே வரிசையில் நடந்தால், விறகு தூக்குபவரும் கழிவுச் சட்டியைக் கொண்டுபோகிறவரும் எந்த வழியில் போவார்கள்? தூதர் காத்திருக்கும் அறை வழியாகப் போக முடியாது. அதனால் கட்டடத்துக்குள் இன்னொரு கட்டடம் தேவைப்பட்டது.

பெரிய அறைகளின் முதுகுப்புறத்தில் குறுகிய வழிகளும் படிக்கட்டுகளும் சேமிப்பறைகளும் இருக்கும். அவற்றுக்கு வெளிச்சுவர் கிடையாது; ஆகவே சன்னலும் கிடையாது. அறைக்குள்ளிருந்து அங்கே போகும் கதவு, சுவர்த்துணி அல்லது மரப்பலகையோடு சேர்ந்து ஒரே பரப்பாகத் தெரியும்படி செய்யப்பட்டிருக்கும். சட்டம் இல்லை, மேலே அலங்காரம் இல்லை. ரகசியத்துக்கு வைத்தது என்று சுற்றுலாக் கதைகள் சொல்லும். பெரும்பாலும் அது வேலைக்காரர்களின் வழி.

இரண்டாவது இடம் மெட்ஸனீன். இரண்டு உயரமான மாடிகளுக்கு நடுவே அல்லது அவற்றுக்கு மேலே செருகிய, உயரம் குறைந்த அரைமாடி என்று பொருள். ஸ்டாக்ஹோம் அரண்மனையின் வெளிச்சுவரில் சன்னல் வரிசைகளைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். தரைத்தளம், அதற்கு மேல் குட்டைச் சன்னல்கள் கொண்ட அரைமாடி, பிறகு உயரமான சன்னல்களோடு இரண்டு முழு மாடிகள், உச்சியில் மறுபடி ஓர் அரைமாடி. சன்னலின் உயரமே உள்ளே இருந்தவரின் தகுதியைச் சொல்லிவிடும்.

இதுவரை: நேர்க்கோட்டில் நிற்கும் பெரிய அறைகள் ஒரு வலை, அவற்றின் பின்னாலும் மேலும் கீழும் ஓடும் சிறிய அறைகள் இன்னொரு வலை. 1,430க்கும் 660க்கும் உள்ள இடைவெளியில் இருப்பது இந்த இரண்டாவது வலை.

கதவுக்கோட்டின் கெட்ட பக்கம்: குளிர்

இத்தாலியில் பிறந்து பிரான்சில் மெருகேறிய அமைப்பை ஸ்காண்டிநேவியக் குளிருக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? நேர்கோட்டில் திறந்த கதவுகள் காற்றுக்கும் நேர்வழி. உயரமான கூரைக்குக் கீழே வெப்பக் காற்று மேலே தங்கிவிடும். திறந்த கணப்போ, எரிக்கும் விறகின் வெப்பத்தில் பெரும்பங்கைப் புகைபோக்கி வழியாக வானத்துக்கு அனுப்பிவிடும். முகம் சுடும், முதுகு விறைக்கும்.

இந்தச் சிக்கலுக்கு வந்த விடை ஸ்வீடன் முழுவதையும் மாற்றியது. விறகு செலவாகும் வேகத்தைப் பார்த்துக் கவலைப்பட்ட அரசு கேட்டுக்கொண்டபடி, 1767இல் கார்ல் யூஹான் க்ரோன்ஸ்டெட், ஃபாபியன் வ்ரேடே இருவரும் ஓட்டடுப்பை மேம்படுத்தினார்கள். செங்கல்லால் கட்டி, வெளியே மெருகிட்ட ஓடுகள் பதித்த உயரமான அடுப்பு அது. புகை நேரே மேலே போகாமல், சுவருக்குள் ஏறி, இறங்கி, மறுபடி ஏறும்படி பல குழல்கள். போகிற வழியெல்லாம் புகை தன் வெப்பத்தைச் செங்கல்லுக்குக் கொடுத்துவிடும். தீ அணைந்த பிறகும் பல மணி நேரம் செங்கல் அதை அறைக்குத் திருப்பிக் கொடுக்கும். ஒரு நாளுக்கு ஓரிரு முறை எரித்தால் போதும்.

இதில் தவறக்கூடிய ஓரிடம் உண்டு. விறகு எரிந்து தணல் முற்றிலும் அடங்கிய பிறகே புகைவழியின் மூடியைச் சாத்த வேண்டும். வெப்பம் போய்விடுமே என்று அவசரப்பட்டு மூடினால், தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு அறையில் நிறையும். மணம் இல்லாத நஞ்சு அது.

க்ரோன்ஸ்டெட் என்ற பெயரை நினைவில் வையுங்கள். ஸ்டாக்ஹோம் அரண்மனைப் பணியின் கடைசிக் கட்டத்தை நடத்திய கட்டடக் கலைஞரும் அவரேதான்.

தீயில் தொடங்கிய கட்டடம்

இப்போதைய அரண்மனை நிற்கும் இடத்தில் முன்பு ட்ரே க்ரோனோர் என்ற கோட்டை இருந்தது. மூன்று மகுடங்கள் என்று பொருள். இடைக்காலத்தில் தொடங்கி, 16ஆம் நூற்றாண்டில் அரசர் மூன்றாம் யூஹான் காலத்தில் அரண்மனையாக வளர்ந்தது. 1690களில் கட்டடக் கலைஞர் இளைய நிக்கோடெமுஸ் டெஸ்ஸின் அதன் வடக்குப் பகுதியைப் புதிய பாணியில் மாற்றிக் கட்டினார்.

1697 மே 7 அன்று மேல்தளத்து மரக்கூரையில் தீப்பிடித்தது. ஒரு மாதத்துக்கு முன் இறந்திருந்த 11ஆம் கார்லின் உடல் இன்னும் உள்ளே இருந்தது. அதை வெளியே கொண்டுவந்தார்கள். தீயைக் கவனிக்க நியமிக்கப்பட்டவர்கள் தங்கள் இடத்தில் இல்லை. பின்னர் அவர்கள் மீது விசாரணை நடந்து தண்டனை விதிக்கப்பட்டது. நடுக்கோபுரம் இடிந்து விழுந்தது. அரச நூலகத்தின் பெரும்பகுதி எரிந்தது. காப்பாற்றப்பட்டவற்றில் ஒன்று அரசி கிறிஸ்டினாவின் வெள்ளி அரியணை. இன்றும் அரண்மனையின் அரசவைக் கூடத்தில் இருக்கிறது.

புதிய அரசர் 12ஆம் கார்லுக்கு அப்போது வயது 14. டெஸ்ஸின் சில வாரங்களிலேயே முழு அரண்மனைக்கான புதிய வரைபடங்களை முன்வைத்தார். எரிந்த சுவர்களின் சூடு ஆறுவதற்குள் என்றே சொல்லலாம். வடக்குப் பகுதியில் அவர் எழுப்பியிருந்த சுவர்கள் தப்பி நின்றதால், மற்ற மூன்று வரிசைகளையும் அதற்குப் பொருந்தும்படி திட்டமிட்டார்.

சில ஆண்டுகளில் முடிய வேண்டிய வேலை அது. ஆனால் ரஷ்யா முதலிய நாடுகளோடு ஸ்வீடன் நடத்திய பெரும் வடக்குப் போர் தொடங்கியது. 1709இல் பொல்டாவாவில் ஸ்வீடன் தோற்றதோடு பணம் தீர்ந்து, கட்டுமானம் நின்றது. 1720களின் கடைசியில் நாடாளுமன்றம் பணம் ஒதுக்கிய பிறகே மறுபடி தொடங்கியது. டெஸ்ஸின் 1728இல் இறந்தார். கார்ல் ஹோர்லேமான் பொறுப்பேற்று 1753இல் இறந்தார். மறு ஆண்டு, 1754 டிசம்பரில், அரசர் அடால்ஃப் ஃப்ரெட்ரிக்கும் அரசி லோவிசா உல்ரிக்காவும் குடியேறினார்கள். தீ விபத்திலிருந்து எண்ணினால் 57 ஆண்டுகள். அதுவரை அரச குடும்பம் பக்கத்துத் தீவான ரிட்டர்ஹோல்மனில் ஒரு மாளிகையில் இருந்தது.

வெளியே ரோம், உள்ளே பாரிஸ்

அந்த 57 ஆண்டுதான் "பரோக் அரண்மனை" என்ற பெயரைப் பாதி உண்மையாக்குகிறது.

பரோக் என்பது 17ஆம் நூற்றாண்டில் ரோமில் வளர்ந்த பாணி. பெரிய அளவு, நடுக்கோடு, பார்ப்பவரை ஒரு திசையில் இழுத்துச் செல்லும் ஒழுங்கு ஆகியவை அதன் இயல்பு. டெஸ்ஸின் இளமையில் ரோமில் படித்தவர். அங்குள்ள நகர மாளிகைகளைப்போலவே கனமான சதுரக் கட்டடமாக இதைத் திட்டமிட்டார். கூரை தாழ்வானது, உள்முற்றத்தின் பக்கம் சற்றே சாய்ந்தது, தெருவிலிருந்து கண்ணுக்கே படாது. கோபுரம் இல்லை, கூம்பு இல்லை. "பெட்டி" என்று தோன்றுவது இதனால்தான். டெஸ்ஸின் அதை வேண்டும் என்றே செய்தார்: ட்ரே க்ரோனோரின் கூம்புகளுக்குப் பதில், அசையாத ஒரே கல்போன்ற தோற்றம். எனக்கு இந்தக் கட்டடத்தில் மிகவும் பிடித்த துணிச்சல் அது.

ஆனால் உள்ளே அலங்காரம் தொடங்கும்போது பாணி மாறிவிட்டது. ஹோர்லேமான் பிரான்சிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார். அவர்கள் கொண்டுவந்தது ரொக்கோக்கோ: வளைந்த கோடுகள், சிப்பி, கொடி, மென்மையான நிறங்கள். அவர்களுக்கு உதவ உள்ளூர் ஆட்களைப் பயிற்ற 1735இல் அரண்மனையில் தொடங்கிய வரைபடப் பள்ளிதான் இன்றைய அரச கலைக் கழகத்தின் வேர். 1770களில் கட்டடக் கலைஞர் யான் எரிக் ரேன் மூன்றாம் குஸ்தாஃபுக்காகச் செய்த அறைகளில் பாணி மறுபடி நேர்கோட்டுக்கும் தூண்களுக்கும் திரும்பியது.

சுருக்கமாக: உடல் 1697இன் ரோம் பரோக், உள்ளலங்காரம் 1730களின் பிரெஞ்சு ரொக்கோக்கோவில் தொடங்கி அதற்குப் பிறகும் மாறிக்கொண்டே வந்தது.

நான்கு முகங்கள்

நான்கு வரிசைகள் நடுவே ஒரு முற்றத்தைச் சூழ்கின்றன. மூலைகளிலிருந்து தாழ்வான நான்கு சிறகுகள் நீள்கின்றன. கிழக்கே இரண்டு சிறகுகளுக்கு நடுவே லூகோர்டன் என்ற தோட்டம். மேற்கே வளைந்த இரு கட்டடங்கள் சூழ்ந்த வெளிமுற்றம். காவலர் மாறும் நிகழ்வு அங்கேதான்.

ஒவ்வொரு முகத்துக்கும் டெஸ்ஸின் ஒரு பொருள் கொடுத்தார். மேற்கு அரசருடையது, சுவரில் பழைய அரசர்களின் உருவ வட்டங்கள். கிழக்கு அரசியுடையது. தெற்கு நாட்டினுடையது, நடுவே வெற்றி வளைவுபோன்ற வாசல், உள்ளே ஒருபுறம் அரசவைக் கூடம், மறுபுறம் தேவாலயம். நாடாளுமன்றத்தின் தொடக்க விழா 1974 வரை இந்தக் கூடத்தில்தான் நடந்தது. வடக்கு முடியாட்சி முழுமைக்கும் உரியது; மற்றவற்றைவிட எளிமையானது. அதன் முன்னுள்ள சாய்தளத்துக்கு லேயோன்பாக்கன், அதாவது சிங்கச் சரிவு, என்று பெயர். வெண்கலச் சிங்கங்கள் காவல் நிற்கின்றன.

கல்லுக்கு வந்த நோய்

சுவர் செங்கல். செதுக்கு வேலைகளில் பெரும்பங்கு கோட்லாண்ட் தீவின் மணற்கல். அந்தக் கல்லின் நன்மையும் தீமையும் ஒரே காரணத்தால் வந்தவை. மணற்துகள்களை ஒட்டவைப்பது சுண்ணாம்பு. அதனால் கல் மென்மை, உளிக்கு இசையும். ஆனால் சுண்ணாம்பை அமிலம் கரைக்கும். நிலக்கரிப் புகையில் உள்ள கந்தகம் மழையோடு சேர்ந்து, கல்லின் மேற்பரப்பைக் கரிய ஜிப்சம் பொருக்காக மாற்றியது. பொருக்குக்குப் பின்னால் நீர் தேங்கி, பனிக்காலத்தில் உறைந்து விரிந்து, துண்டுகளாகத் தள்ளியது. வெளியிலிருந்து முழுதாகத் தெரியும் ஒரு சிற்பம் உள்ளே உதிர்ந்துபோயிருக்கலாம். தட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

2011இல் தொடங்கிய முகப்புச் சீரமைப்பு 22 ஆண்டு எடுக்கும் என்று திட்டமிடப்பட்டது. பகுதி பகுதியாகச் சாரம் கட்டி, காப்பாற்ற முடிந்த கல்லை வலுப்படுத்தி, முடியாததை அதே தீவின் கல்லில் மறுபடி செதுக்குகிறார்கள். சாரத்தைப் பார்த்து "எப்போதுமே மராமத்து நடக்கிற இடம்" என்று சலித்துக்கொள்பவர்கள், அந்தக் கல்லின் இயல்பைத் தெரிந்துகொண்டால் சலிக்க மாட்டார்கள்.

நேரில் போனால்

முதலில் தெற்குச் சரிவில் நின்று சன்னல் வரிசைகளை எண்ணுங்கள். முதுகுப் பக்கம் திரும்பினால், சாலைக்கு எதிரே டெஸ்ஸின் தனக்காகக் கட்டிக்கொண்ட மாளிகை தெரியும். தன் வாழ்நாள் வேலையைப் பார்த்தபடி இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

பிறகு இரண்டாம் மாடிக்கு ஏறுங்கள். விளக்குகளையும் கூரை ஓவியத்தையும் பார்ப்பதற்கு முன், சன்னலை ஒட்டிய முதல் கதவில் நின்று எதிரே எத்தனை வாசல்கள் நேர்கோட்டில் தெரிகின்றன என்று பாருங்கள். அடுத்து, ஒவ்வோர் அறையிலும் சன்னலுக்கு எதிர்ச்சுவரை மெதுவாகக் கண்ணால் தடவுங்கள். சுவர்த்துணியின் கோலம் ஓரிடத்தில் நூலளவு வெட்டுப்பட்டிருந்தால், இடுப்பு உயரத்தில் ஒரு சாவித் துளையும் இருந்தால், விறகு வந்த வழி அதுதான்.